கொஞ்சம் தூக்கி விடுங்கண்ணே

செம்மங்குப்பம் விபத்துக்குப் பிறகு என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அந்த கேட் கீப்பர் தூங்கிட்டாராண்ணே?" டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். மிலிட்டரியிலிருந்து வந்து கொஞ்ச காலம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவன் நான். அதனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள்.

2025 ஜூலை 8, காலை எட்டு மணிக்கு முன்னால் நடந்தது அது. கடலூர் பக்கத்தில் செம்மங்குப்பம் கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால்தான் வழி விடப்பட்டது என்று ரயில்வே முதலில் சொன்னது. கேட் திறந்தே கிடந்தது என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். கேட் கீப்பரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

யார் மேல் தப்பு என்பதை விசாரணை பார்க்கட்டும். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஒரு மனுஷன் தூங்கினாலும் சரி, மறந்தாலும் சரி, யாரோ கெஞ்சினார்கள் என்று இரக்கப்பட்டாலும் சரி, கேட் திறந்திருக்கும்போது ரயில் உள்ளே வரவே கூடாது. அதற்கான ஏற்பாடு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நம் நாட்டிலேயே 11,000-க்கும் மேற்பட்ட கேட்டுகளில் இருக்கிறது. இன்டர்லாக்கிங் என்பார்கள். விபத்து நடந்தபோது செம்மங்குப்பத்தில் அது இல்லை. நான் வேலை பார்த்த கேட்டிலும் இல்லை.

இன்டர்லாக் இல்லாத கேட்டில் வேலை எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார். இந்த வண்டி, இந்தத் திசையில் வருகிறது என்று சொல்வார். அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டைப் போட்டுப் பூட்ட வேண்டும். பிறகு என்னிடம் உள்ள தாளில் அடுத்ததாக இருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். அதற்கு பிரைவேட் நம்பர் என்று பெயர். வரிசையில்லாத எண்கள், ஒரு தடவை சொன்னதை அடித்துவிட வேண்டும். அவர் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்வார், நான் என் பதிவேட்டில் எழுதிக்கொள்வேன். கேட் மூடியாயிற்று என்பதற்கு அந்த எண்தான் உறுதி. அதை நம்பித்தான் வண்டியை அனுப்புவார்கள்.

ராணுவத்தில் நான் சிக்னல்ஸ் பிரிவு. சொன்னதைத் திருப்பிச் சொல்வது, நேரம் போட்டு எழுதுவது எல்லாம் எனக்குப் பழகியதுதான். இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்தால் நல்ல முறை. ஆனால் அதன் உயிர் முழுக்க ஒரு வரிசையில் இருக்கிறது. முதலில் கேட், பிறகு நம்பர். இந்த இரண்டும் முன்பின்னாக மாறிவிட்டால் மிச்சமெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. கேட் திறந்திருக்கும்போதே நம்பரை வாயால் சொல்லிவிட முடியும். போனில் கேட்கிறவருக்குக் கேட் தெரியாது.

அப்படி ஏன் ஒருவன் சொல்லப்போகிறான்? சோம்பேறித்தனம் என்று நினைப்பீர்கள். இருக்கலாம். நான் நேரில் அனுபவித்த காரணம் அதுவல்ல, ரோட்டில் நிற்கிற ஜனங்கள்.

எங்கள் கேட் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில். காலையில் பள்ளி வேன்கள், பால் வண்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோ. மாலையில் தேங்காய் லோடு லாரி, வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர். போன் வந்ததும் கேட்டைப் போடப் போனால் நாலு பேர் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "அண்ணே, அண்ணே, ஒரே நிமிஷம்!" என்பார்கள். கட்டை பாதி இறங்கியிருக்கும், அதற்குள் ஒருத்தர் தலையைக் குனிந்து பைக்கை நுழைத்துவிடுவார். அவரை விட்டால் பின்னால் வருபவருக்குக் கோபம். "அவனை மட்டும் விடுறீங்க, நாங்க என்ன மனுஷங்க இல்லையா?"

போட்ட பிறகு இன்னும் கஷ்டம். "வண்டியையே காணோம், கொஞ்சம் தூக்கி விடுங்கண்ணே." நான் முடியாது என்றால் என் ஊர், என் சாதி, என் சம்பளம் வரைக்கும் பேச்சு போகும். பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான். என் பங்காளி முறையில் ஒருவர், கேட்டில் நிறுத்திவைத்தேன் என்பதற்காக அந்த வருஷம் எங்கள் வீட்டு விசேஷத்துக்கே வரவில்லை.

நான் ஆண்பிள்ளை, அதிலும் மிலிட்டரிக்காரன் என்று ஒரு பயம் இருந்தது; அதனால் கை நீட்டியதில்லை. இரவு தனியாக இருக்கும் பெண் கேட் கீப்பர்களை நினைத்துப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரத்தில் இரவுப் பணியில் இருந்த பெண் கேட் கீப்பரை ஒருவன் தாக்கினான். ஊர் எல்லையில் ஒற்றை அறை, அதில் ஒரு விளக்கு, ஒரு போன். பல கேட்டுகளில் ஷிப்ட் 12 மணி நேரம். கேட் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவரின் பாதுகாப்பும் அதில் சேரும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

ஒரு மாலை 108 ஆம்புலன்ஸ் வந்து நின்றது. உள்ளே பிரசவத்துக்குப் போகிற பெண், கூட அவள் அம்மா. நம்பர் கொடுத்தாயிற்று. உடனே ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை. அந்த அம்மா இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உன் புள்ளையா நெனச்சுக்க." சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். ஒருவர் கேட்டின் பூட்டில் கையே வைத்துவிட்டார், நான் குறுக்கே போய் நின்றேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஹார்ன்கூட அடிக்கவில்லை. வண்டி போனது. திறந்தேன். ஆம்புலன்ஸும் போனது.

அந்தச் சில நிமிடங்களில் பூட்டின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அதுதான் பிரச்சினையே. திறக்க முடியும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். "மாட்டேன்" என்று சொல்கிற மனுஷன் மேல்தான் எல்லார் ஆத்திரமும்.

இன்டர்லாக் உள்ள கேட்டில் கதை வேறு. கேட்டை முழுக்க இறக்கிப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். அந்தச் சாவியை அறைக்குள் இருக்கும் பெட்டியில் போட்டுத் திருப்பினால்தான் ரயிலுக்கான சிக்னலை எடுக்க முடியும். எடுத்தபின் சாவி அதற்குள் மாட்டிக்கொள்ளும். இப்போது பல இடங்களில் இதே வேலையை மின்சாரக் கேட்டுகள் செய்கின்றன, தத்துவம் ஒன்றுதான். கேட் திறந்திருந்தால் சிக்னல் சிவப்பு. சிக்னல் பச்சையென்றால் கேட் திறக்காது. அவசரத்துக்குத் திறக்க வழி உண்டு, ஆனால் சிக்னலைச் சிவப்பாக்கி, குறிப்பிட்ட நேரம் காத்திருந்த பிறகுதான். அங்கே கேட் கீப்பர் "மாட்டேன்" என்று சொல்ல வேண்டியதில்லை, "முடியாது" என்று சொன்னால் போதும். எத்தனை பேர் கத்தினாலும், யார் கையைப் பிடித்து அழுதாலும், பூட்டு இரக்கப்படாது.

கேட் கீப்பர் தூங்கியே போனாலும் சிக்னல் சிவப்பாகத்தான் இருக்கும். அந்த வழியில் வருகிற ரயில் கேட் சிக்னலில் நிற்கும். பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்து, பிறகு மெதுவாகக் கேட் வரை வந்து, கேட் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டுதான் கடக்க வேண்டும் என்பது விதி. நேரம் வீணாகும், பயணிகள் சலித்துக்கொள்வார்கள். யாரும் சாக மாட்டார்கள்.

இன்டர்லாக் இல்லாத கேட்டுக்கு முன்னால் ரயில் ஓட்டுநருக்கு இருப்பது 600 மீட்டர் தொலைவில் விசில் அடிக்கச் சொல்லும் ஒரு பலகை மட்டும். மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிற வண்டி 600 மீட்டரை 22 நொடிக்குள் தாண்டிவிடும். ஆனால் அந்த வேகத்தில் முழு பிரேக் போட்டு நிறுத்த ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தேவைப்படும். அதாவது, கேட்டில் வேன் நிற்பதை ஓட்டுநர் தன் கண்ணால் பார்த்துவிட்டாலும் பல நேரங்களில் அவரால் எதுவும் செய்ய முடியாது. விசிலை அழுத்திக்கொண்டே இருப்பார். இந்த விபத்துகளில் ரயில் ஓட்டுநர்கள் என்ன பாடுபடுவார்கள் என்பதையும் யாராவது எழுத வேண்டும்.

தண்டவாளத்தின் நடுவில் டிராக்டர் நின்றுபோனால் கேட் கீப்பர் செய்ய வேண்டியது வேறு. சிவப்புக் கொடியை, இரவென்றால் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு வண்டி வரும் திசையில் ஓட வேண்டும். 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்து பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. தண்டவாளத்தின் மேல் பொருத்தி வைக்கிற வெடி அது, சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். ஜல்லியில் 1,200 மீட்டர் ஓடிப் பாருங்கள். ஆகவே, தண்டவாளத்தில் வண்டி மாட்டிக்கொண்டால் கூட்டமாக நின்று தள்ளுவதற்கு முன்னால் கேட் அறைக்கு ஓடிப் போய்ச் சொல்லுங்கள். போனில் முதலில் தகவல் போக வேண்டும், தள்ளுவதெல்லாம் அப்புறம். அறுவடைக் காலத்தில் செயின் மிஷினை, அதாவது சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடுகிற அறுவடை மிஷினை, தண்டவாளத்தின் மேல் நேராக ஓட்டிக் கடக்க வருவார்கள், லாரியில் ஏற்றித்தான் கடத்த வேண்டும் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அதுவும் இதில் சேரும்.

எங்கள் பாதையில் கேட் கீப்பரே இல்லாத காலமும் இருந்தது. திருவாரூர் - காரைக்குடி மீட்டர் கேஜை நிறுத்தி, அகலப்பாதையாக்கி, 2019 ஜூனில் மறுபடி ரயில் விட்டபோது கேட்டுகளுக்கு ஆள் போட்டிருக்கவில்லை. சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில் 70-க்கும் மேற்பட்ட கேட்டுகள். மொபைல் கேட் கீப்பர் என்று இருவர் ரயிலிலேயே வருவார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைப் போடுவார். வண்டி தாண்டியதும் நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். இப்படியே போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊரே கேலி பேசியது. பயணத்துக்கு அது லாயக்கில்லைதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட் மூடாமல் வண்டி நகராது என்பது அந்த மாட்டுவண்டி வேக ரயிலில் இருந்தது. பிறகு முன்னாள் படைவீரர்களை ஒப்பந்தத்தில் எடுத்துக் கேட்டுகளில் போட்டார்கள். வேகம் கூடியது. 2023 ஏப்ரலில் தாம்பரம் - செங்கோட்டை எக்ஸ்பிரஸே இந்த வழியாக ஓட ஆரம்பித்தது.

ஆளில்லாத கேட்டுதான் ஆபத்து என்று நாம் பல காலம் நினைத்திருந்தோம், அதில் நியாயமும் இருந்தது. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் ஆளில்லாக் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு வேலை வேகமாக நடந்து, 2019 ஜனவரி 31-க்குள் அகலப்பாதைகளில் ஆளில்லாக் கேட்டே இல்லை என்ற நிலை வந்தது. பெரிய காரியம் அது. ஆனால் அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு 2012-இலேயே சொன்னது, ஆளில்லாத கேட்டு மட்டுமல்ல, ஆள் இருக்கும் கேட்டுகளையும் ஐந்து வருடத்தில் ஒழித்துவிட வேண்டும் என்று. மேம்பாலமோ சுரங்கப்பாதையோ கட்டிவிட்டால் ரோடும் ரயிலும் சந்திக்கவே வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

சுரங்கப்பாதை என்றதும் எங்கள் பக்கத்து ஜனங்கள் முகம் மாறும். அவர்கள் பயமும் உண்மையானதுதான். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைத் தண்ணீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். டெல்டாவில் ஐப்பசி கார்த்திகையில் பள்ளம் தோண்டினால் தண்ணீர் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் ஊறும். கூரை போடாமல், தண்ணீர் வடிய வாய்க்கால் இல்லாமல், மோட்டார் வைத்து இயக்க ஆள் இல்லாமல் கட்டினால் அது மழைக்காலத்தில் குளம்தான். ரயிலிடமிருந்து காப்பாற்றித் தண்ணீரில் கொடுப்பதா? நல்ல சுரங்கப்பாதை கட்டும் வரைக்கும் இன்டர்லாக் உள்ள கேட்டே மேல் என்பது என் கருத்து.

செம்மங்குப்பத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சகம் சில உத்தரவுகள் போட்டது. கேட்டுகளில் சிசிடிவி கேமரா. பிரைவேட் நம்பர் பரிமாறும் குரல் பதிவுகளைத் தினமும் எடுத்துக் கேட்டுச் சோதிப்பது. அப்புறம் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, இன்டர்லாக் செய்வதற்கான வரம்பை 20,000 டிவியு-விலிருந்து 10,000-ஆகக் குறைத்தது. டிவியு என்பது ஒரு நாளில் போகும் ரயில்களின் எண்ணிக்கையை, கேட்டைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது. 20 ரயிலும் 500 வண்டியும் என்றால் 10,000. வண்டி வகைக்கு ஏற்ப மதிப்பு கொஞ்சம் மாறும்.

வரம்பைக் குறைத்தது நல்லது. ஆனால் இந்தப் பெருக்கல் கிராமத்துப் பாதைகளுக்குப் பொருந்தாது என்பேன். எங்கள் மாதிரிப் பாதையில் ரயில் கம்மி. எவ்வளவு வண்டி போனாலும் பெருக்கினால் எண்ணிக்கை ஏறாது. ரயில் கம்மி என்பதாலேயே ஜனங்களுக்கு எச்சரிக்கையும் கம்மி. அதைவிடப் பெரிய குறை, வேனில் 20 பிள்ளைகள் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கணக்கில் அது ஒரு வண்டி. பள்ளி வாகனம் தினமும் கடக்கிற கேட் என்றால் டிவியு எவ்வளவாக இருந்தாலும் முதலில் இன்டர்லாக் செய்ய வேண்டும். எந்தெந்தப் பள்ளி வண்டி எந்தக் கேட்டைக் கடக்கிறது என்ற பட்டியலைப் பள்ளிகளிடம் கேட்டால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

செம்மங்குப்பம் கேட் கீப்பருக்குத் தமிழ் தெரியாது என்றும் நிறையப் பேர் எழுதினார்கள். ரோட்டில் நிற்பவர்களிடம் பேச மொழி தெரிய வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். "தூக்கி விடுங்கண்ணே" என்ற கெஞ்சல் முழுக்கப் புரிந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மொழி ஒரு விஷயம், பூட்டு வேறு விஷயம்.

பள்ளி வேன் ஓட்டும் தம்பிகளுக்கும் அவர்களை அனுப்பும் பள்ளிகளுக்கும் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆவது பிரிவு, ஆளில்லாக் கேட்டில் வண்டியை நிறுத்தி, உதவியாளர் இறங்கிப் போய் இரு பக்கமும் பார்த்து, ரயில் வரவில்லை என்று உறுதி செய்து வழிகாட்ட வேண்டும் என்கிறது. உதவியாளர் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும். ஆள் இருக்கும் கேட்டுக்கு அது பொருந்தாது என்று சட்டம் பேசாதீர்கள். கேட் திறந்திருந்தாலும் நில்லுங்கள், இறங்கிப் பாருங்கள். 2012-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளி வாகன விதிகள்படி வண்டியில் உதவியாளர் இருந்தே ஆக வேண்டும். அவரை இறக்கிப் பார்க்கச் சொல்ல அரை நிமிடம் போதும். பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள். விசில் கேட்க வேண்டும்.

மூடிய கேட்டைத் திறப்பதற்கு மூன்று வருடம் வரை, உடைத்தால் ஐந்து வருடம் வரை சிறை என்று ரயில்வே சட்டத்தின் 160-ஆவது பிரிவு சொல்கிறது. இடித்துவிட்டு ஓடிப்போகிற டிப்பர் லாரிகளுக்கு இது தெரியாமல் இல்லை. கேட் அறையில் கேமரா வந்தால் இது குறையும் என்று நம்புகிறேன். அந்தக் கேமரா உள்ளே இருப்பவரை மட்டும் பார்க்காமல் ரோட்டையும் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் ஊராட்சி எல்லையில் உள்ள கேட்டுகள், அவற்றைக் கடக்கும் பள்ளி வண்டிகள், அவை கடக்கும் நேரம், இன்டர்லாக் உண்டா இல்லையா என்ற விவரம், கேட்டுக்கு இரு புறமும் வேகத்தடையும் விளக்கும் வேண்டும் என்ற கோரிக்கை. வேகத்தடையும் விளக்கும் ஊராட்சியே செய்யக்கூடியவை. மற்றதைத் தீர்மானமாக்கி ரயில்வே கோட்ட மேலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊரில் கேட் இருந்தால் நீங்களும் கொடுங்கள். மாதிரி வேண்டுமென்றால் சொல்லுங்கள், என்னுடையதை அனுப்பி வைக்கிறேன்.